அணியின் பெயர் தெரிகிறது, நயம் எழுத வரவில்லை: உவமை முதல் உள்ளுறை வரை சில ஐயங்கள்

வினா: தோட்டப் பாடசாலை ஆசிரியை, ஹட்டன்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 10, 11 மாணவர்களுக்குத் தமிழ்மொழியும் இலக்கியமும் கற்பிக்கிறேன். செய்யுட்பகுதிக்கு வரும்போதெல்லாம் ஒரே தடை எதிர்ப்படுகிறது. இச்செய்யுளில் பயின்று வரும் அணி யாது என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் சரியான பெயரை எழுதிவிடுகிறார்கள். அவ்வணி செய்யுளின் பொருளுக்கு எவ்வாறு துணைசெய்கிறது என்று அடுத்த வினாவில் கேட்டால், "கவிஞர் உவமையணியைக் கையாண்டு செய்யுளுக்கு அழகு சேர்த்துள்ளார்" என்ற வாக்கியமே விடைத்தாளுக்கு விடைத்தாள் திரும்பத் திரும்ப வருகிறது. உவமை என்ற சொல்லை எடுத்துவிட்டு உருவகம் என்று எழுதினாலும் அந்த வாக்கியம் அப்படியே பொருந்தும் என்பதுதான் என் கவலை.

எனக்குள்ள ஐயங்கள் மூன்று. உவமை, எடுத்துக்காட்டு உவமை, உருவகம், பிறிதுமொழிதல் ஆகியவற்றுக்கு இடையிலான எல்லையைப் பிள்ளைகள் மனத்தில் நிற்கும்படி எவ்வாறு விளக்கலாம்? போல என்ற உருபு வந்தால் உவமை, வராவிட்டால் மற்றது என்ற குறுக்கு வழி சில இடங்களில் உதவினாலும் பிறிதுமொழிதலுக்கு வரும்போது பயன்படுவதில்லை. அடுத்தது தற்குறிப்பேற்றம். மலை அழுதது, காற்று பாடியது என்று எழுதியிருப்பதையெல்லாம் பிள்ளைகள் தற்குறிப்பேற்ற அணி என்று குறித்துவிடுகிறார்கள், அது சரியா? இறுதியாக, நம்முடைய தோட்டங்களில் வழங்கும் பாடல்களை வைத்து இவற்றை விளக்கினால் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். ஆயினும் படிப்பறிவு மறுக்கப்பட்டவர்கள் பாடிய பாடல்களில் அணியிலக்கணத்தைத் தேடுவது பொருத்தமா என்ற தயக்கமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பதுளை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்த ஒற்றை வாக்கியத்துக்காகப் பிள்ளைகளைக் குறைகூற இயலாது. வழிகாட்டி நூல்கள் அணியின் இலக்கணத்தைச் சொல்லி, உடனே ஒரு குறளை எடுத்துக்காட்டாகத் தந்து, அடுத்த அணிக்குப் போய்விடுகின்றன. அந்த அணி இல்லாமல் அதே கருத்தைச் சொல்லியிருந்தால் செய்யுள் எதை இழந்திருக்கும் என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை. நயம் என்பது அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைதான்.

"அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை" என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள். பழிப்பவர்களைப் பொறுத்துக்கொள்வது சிறந்தது என்பது கருத்து. உவமையை நீக்கினால் இந்த அறிவுரை மட்டும் எஞ்சும். நிலம் என்ற உவமை அதனோடு எதைச் சேர்க்கிறது? மலையில் கான், அதாவது நீர் வடியும் வாய்க்கால், வெட்டுகிறவரைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அவர் எந்த மண்ணை வெட்டுகிறாரோ அந்த மண்ணின் மேல்தான் நிற்கிறார். நிலம் வெட்டைப் பொறுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், வெட்டுகிறவர் விழாதபடி தாங்கவும் செய்கிறது. "தாங்கும்" என்ற சொல்லின் முழு வலுவும் இங்கேதான் வெளிப்படுகிறது. பொறுமை என்பது வாய்மூடி இருத்தல் மாத்திரமன்று, இகழ்ந்தவனுக்கும் துணையாக நிற்றல் என்ற கருத்தைக் குறள் வேறெந்தச் சொல்லாலும் கூறவில்லை. உவமையால் மட்டுமே கூறுகிறது. இதை ஒரு மாணவர் எழுதினால் அவருக்கு முழுப்புள்ளி கொடுக்கத் தயங்கமாட்டேன்.

இனி எல்லைகளைப் பற்றி. உருபைத் தேடச் சொல்வதை விட, கவிஞர் எவ்வளவைத் தாமே சொல்கிறார், எவ்வளவைக் கேட்பவரிடம் விட்டுவிடுகிறார் என்று பார்க்கச் சொல்வது பயன் தரும். இதற்கு நான் வகுப்பில் கவ்வாத்தைப் பயன்படுத்தி வந்தேன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதும், இலையே இல்லாத வெறும் கிளைகளாக அது நிற்பதும், பின்னர் முன்னிலும் செழிப்பாகத் துளிர்ப்பதும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தெரிந்தவை.

"கவ்வாத்து வெட்டிய செடி துளிர்ப்பதைப் போல, பேரிழப்புக்குப் பின்னும் அக்குடும்பம் தழைத்தது" என்றால் அது உவமை. ஒப்பிடப்படும் இரண்டும் இருக்கின்றன, ஒப்புமையைச் சொல்லும் உருபும் இருக்கிறது. கேட்பவருக்கு வேலை அதிகமில்லை. "கவ்வாத்து வெட்டிய செடி துளிர்க்கும், இழப்புற்ற குடும்பமும் தழைக்கும்" என்றால் எடுத்துக்காட்டு உவமை. இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே நிற்கின்றன, இணைப்பைக் கேட்பவர் செய்துகொள்ள வேண்டும். "அகர முதல எழுத்தெல்லாம்" என்ற முதற்குறள் இவ்வாறே அமைந்தது. "இழப்பு என்னும் கவ்வாத்துக் கத்தி அக்குடும்பத்தை வெட்டியது, நம்பிக்கைத் துளிர் அரும்பியது" என்றால் உருவகம். இங்கே இழப்பும் கத்தியும் ஒன்று போன்றவை என்று சொல்லப்படவில்லை, ஒன்றே என்று சொல்லப்படுகிறது. சாவு நிகழ்ந்த வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர், குடும்பத்தைப் பற்றி எதுவுமே பேசாமல், "கவ்வாத்து வெட்டிய செடிதானே நன்றாகத் துளிர்க்கும்" என்று மட்டும் சொன்னால் அது பிறிதுமொழிதல். சொல்ல வந்த பொருள் வாக்கியத்திலிருந்து முழுமையாக நீங்கிவிட்டது. உவமை மட்டும் நிற்கிறது. சூழலை அறிந்தவருக்கு அது போதும்.

"பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்" என்ற குறளில் மயிலிறகும் வண்டியும் அச்சும் மட்டுமே இருக்கின்றன. எளியவரென்று எண்ணிப் பலரைப் பகைத்துக்கொள்ளும் அரசனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வலியறிதல் என்ற அதிகாரத்தில் அது அமர்ந்திருப்பதால்தான் நமக்குப் பொருள் விளங்குகிறது. ஆகவே பிறிதுமொழிதலை அடையாளம் காணச் சூழலைப் படிக்க வேண்டும். வரியை மட்டும் தனியே பிரித்துக் கொடுத்து அணி கேட்கும் வினா நேர்மையற்றது என்பது என் கருத்து.

உருவகத்தில் ஒரு நுட்பம் உண்டு. மதிமுகம் என்பது மதி போன்ற முகம் என விரியும் உவமைத்தொகை. முகமதி என்று மாற்றினால் முகமாகிய மதி, அதாவது உருவகம். பொருள் முன்னும் உவமை பின்னும் வந்தால் உருவகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். "பிறவிப் பெருங்கடல் நீந்துவர்" என்ற குறளில் பிறவியைக் கடலாக உருவகித்த வள்ளுவர், அதைக் கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பமாக உருவகிக்கவில்லை. ஒரு பகுதியை மட்டும் உருவகித்து மற்றதை நம்மிடம் விட்டதனால் அது ஏகதேச உருவகம்.

பிறிதுமொழிதலுக்கும் அப்பால் ஒரு படி இருக்கிறது: உள்ளுறை. உயர்தரத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் இதைச் சொன்னால் போதும். குறுந்தொகையின் எட்டாவது பாடலில், கழனியோரத்து மாமரத்திலிருந்து தானாக விழும் பழத்தைப் பொய்கையிலுள்ள வாளைமீன் கவ்வும் ஊருக்குரியவன் என்று பரத்தை தலைவனைக் குறிப்பிடுகிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஊர் வருணனை. ஆனால் முயற்சியில்லாமல் கிடைப்பதைக் கவ்வுகிறவன் அவன் என்ற ஏளனம் அதற்குள் இருக்கிறது. பிறிதுமொழிதலில் உவமை பாட்டின் சூழலுக்கு வெளியிலிருந்து வரலாம். வலியறிதலுக்கு வண்டி வந்ததைப் பாருங்கள். உள்ளுறையோ அந்த நிலத்தின் கருப்பொருளிலிருந்தே, அதாவது அந்நிலத்துக்குரிய தெய்வம், விலங்கு, மரம், தொழில் முதலியவற்றிலிருந்தே, பிறக்க வேண்டும். கருப்பொருள்களுள்ளும் தெய்வத்தை மட்டும் தொல்காப்பியம் விலக்கிவைக்கிறது.

தற்குறிப்பேற்றம் பற்றிய தங்கள் ஐயம் நியாயமானது. மலை அழுதது என்பதில் அஃறிணைக்கு மனிதச் செயல் ஏற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவே. தற்குறிப்பேற்றத்துக்கு இரண்டு வேண்டும்: இயல்பாக நிகழும் ஒரு நிகழ்ச்சி, அதற்குக் கவிஞர் தம் குறிப்பால் ஏற்றும் வேறொரு காரணம். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிற்கொடிகள் காற்றில் அசைகின்றன. அது இயல்பு. "வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட" என்று இளங்கோவடிகள் காரணம் ஏற்றுகிறார். இங்கே போல வருகிறது என்பதையும் கவனியுங்கள். போல வந்தால் உவமை என்ற குறுக்கு வழி இந்த இடத்திலும் வழுக்குகிறது. பின்னால் நடக்கவிருப்பதை அறிந்த நகரமே அவர்களைத் தடுக்கிறது என்ற அச்சத்தைக் கதை இன்னும் சொல்லாத நிலையில் கொடி சொல்லிவிடுகிறது. வகுப்புக்கு எளிய எடுத்துக்காட்டு வேண்டுமானால், வெயில் ஏற ஏற மூடுபனி விலகுவது இயல்பு. கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்களுக்கு வழிவிட்டு அது ஒதுங்கியது என்று எழுதினால் தற்குறிப்பேற்றம்.

வேற்றுமை, நிரல்நிறை, பின்வருநிலை முதலியவற்றைப் பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். அவற்றுக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

பதில்: நாட்டார் பாடல் ஆர்வலர், மாத்தளை

பதுளை ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆசிரியை அவர்கள் மூன்றாவதாகக் கேட்டதற்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். தயக்கம் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓசையும் ஒழுங்கும் தெரியாது என்று நாம் ஏன் முடிவுசெய்ய வேண்டும்?

பரவலாக அறியப்பட்ட ஒரு பாடலையே பார்ப்போம். தோட்டத்துக்குத் தோட்டம் சொற்கள் சற்று வேறுபடும்.

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நான் மறந்தேன்

முதலில் ஓசை. ஊரான, பேரான என்று முதல் அடியும் மூன்றாம் அடியும் இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகையாக நிற்கின்றன. மோனை இன்னும் வியப்புக்குரியது. ஊ என்று தொடங்கும் அடிக்கு ஒ என்று தொடங்கும் அடி இணையாக வருகிறது. பே என்பதற்குப் பெ வருகிறது. உ, ஊ, ஒ, ஓ ஆகிய நான்கும் தமக்குள் மோனையாகும் என்பது யாப்பிலக்கணம் அறிந்தோர் விதியாகக் கற்பது. பாடியவர் அதைச் செவியால் அறிந்திருக்கிறார். இழந்தேன், இழந்தேன், மறந்தேன் என்ற ஈற்றொலி இயைபு.

இனிப் பொருள். ஊரை இழந்தேன், தோப்பை இழந்தேன் என்று இருமுறை கேட்ட காது, தாயை இழந்தேன் என்று மூன்றாவதாக எதிர்பார்க்கிறது. பாட்டு அந்த எதிர்பார்ப்பை ஏமாற்றி "மறந்தேன்" என்கிறது. இழப்பு என்பது வறுமையும் பஞ்சமும் ஆள்கட்டுபவரின் ஆசைவார்த்தையும் சேர்ந்து பாடுபவருக்குச் செய்தது. மறதியோ பாடுபவர் தம்மேல் தாமே சுமத்திக்கொள்ளும் குற்றம். மற்றவர் செய்த அநியாயத்தைப் பாடத் தொடங்கிய பாட்டு, ஒரேயொரு வினைச்சொல் மாற்றத்தால் தன்னைத் தானே குற்றம் சாட்டும் பாட்டாகத் திரும்பிவிடுகிறது. பேரான கண்டி என்ற புகழ்மொழியும் வெறும் அடைமொழியாக எனக்குத் தோன்றவில்லை. ஊரையும் தாயையும் விழுங்கிய இடத்துக்குப் பேர்பெற்ற இடம் என்று பெயர் சூட்டுவதில், புகழ்வது போலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சியின் சாயல் இருக்கிறது. கண்டி என்பது இங்கே கண்டி நகரத்தை மட்டும் குறிப்பதுமன்று. மலைநாடு முழுவதற்கும் அந்தப் பெயரே ஆகிவந்தது. ஆகுபெயருக்குப் பிள்ளைகளிடம் காட்ட இதைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது.

மற்றொன்று:

கோணக்கோண மலையேறிக்
கோப்பிப்பழம் பறிக்கையிலே
ஒருபழம் தப்பிச்சின்னு
ஒதைச்சானையா சின்னதொரை

கோப்பி இலைநோய் 1869ஆம் ஆண்டு இத்தீவில் கண்டறியப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் சரிந்து தேயிலை அவ்விடங்களைப் பிடித்துக்கொண்டது. ஆகையால் இப்பாட்டு காட்டும் உலகம் தேயிலைக் காலத்துக்கு முந்தியது. இதில் உவமையும் இல்லை, உருவகமும் இல்லை. அளவுகளின் மோதல் மட்டும் இருக்கிறது. கோணலும் மாணலுமான மலை முழுவதும் ஏறிய உழைப்பு ஒருபுறம், தவறிய ஒற்றைப் பழம் மறுபுறம், அதற்குச் சின்னதொரையிடம், அதாவது உதவித் தோட்டத்துரையிடம், கிடைத்த உதை இறுதியில். பாடுபவர் அழவுமில்லை, சபிக்கவுமில்லை. ஒரு பழம், ஓர் உதை என்று கணக்குச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். கேட்கிற நமக்குக் கோபம் வருகிறது.

"கூனி அடிச்ச மலை, கோப்பிக்கன்னு போட்ட மலை, அண்ணனைத் தோத்த மலை, அந்தா தெரியுது பார்" என்ற பாடலைச் சொற்பொருள் பின்வருநிலையணிக்குக் காட்டலாம். மலை என்ற சொல் மும்முறை வருகிறது. முதலிரண்டில் அது வேலைத்தலம். மூன்றாவதில் அண்ணனை விழுங்கிய இடம். நான்காவது அடியில் அந்தச் சொல் இல்லை, சுட்டிக்காட்டும் விரல் மட்டும் இருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் இத்தகைய பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் இன்று பேச நமக்கு இவ்வளவு கிடைத்திராது. தங்கள் பிள்ளைகளிடம் வீட்டிலுள்ள பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் நிச்சயம் கிடைக்கும்.

பதில்: உயர்தர மாணவன், கொட்டகலை

ஆசிரியர்களுக்கு வணக்கம். உயர்தரத்தில் தமிழைப் பாடமாக எடுத்துள்ளேன். எனக்கு இரண்டு சந்தேகங்கள் உள்ளன. தோட்டத்தில் ஒருநாள் முழுச் சம்பளம் கிடைத்தால் முழுப் பேர் என்றும், கொழுந்தின் நிறை குறைந்து பாதிச் சம்பளம் போட்டால் அரைப் பேர் என்றும் சொல்கிறோம். "பேரான கண்டியிலே" என்ற அடியில் அந்தப் பேரும் சேர்ந்து ஒலிப்பதால் அதைச் சிலேடை என்று எழுதலாமா? மேலும், புதுக்கவிதை நயத்தில் படிமம், குறியீடு என்று எழுதுகிறோம். அவை மேலே ஐயா கூறிய உருவகத்திலிருந்தும் பிறிதுமொழிதலிலிருந்தும் எவ்வாறு வேறுபடுகின்றன?

பதில்: விமர்சன வாசகர், பண்டாரவளை

இதுவரை எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். மூன்று இடங்களில் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

மாத்தளை நண்பர் பேரான கண்டியை வஞ்சப்புகழ்ச்சி என்று கூற முற்படுகிறார். வஞ்சப்புகழ்ச்சியில் பேசுபவரின் நோக்கம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும். புறநானூற்றில் ஒளவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய்பூசப்பட்டு அழகாகக் காவல்மனையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். அங்கே புகழ்ச்சிக்குள் இருக்கும் பழிப்பு மறைக்க முடியாதது. போர்க்களம் காணாத படை என்று தொண்டைமானின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டுவிட்டது. நம் பாடலில் பேரான என்பது எதுகைக்காக வந்த வழக்கமான அடைமொழியாகவும் இருக்கலாம். அதேபோல, ஒத்தப்பனைத் தோப்பு என்பதை முரண் என்று விளக்கும் ஆசையும் சிலருக்கு வரும். ஒற்றைப் பனைக்குத் தோப்பு என்று பெயரா என்று கேட்பார்கள். அது ஓர் இடத்தின் பெயராகவும் இருந்திருக்கலாமே. அணி இருக்கலாம் என்பதும் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. நயம் எழுதும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டையும் சேர்த்தே கற்பிப்பது நல்லது.

அடுத்தது திணை. மலையில் பிறந்த பாட்டு என்பதால் இவற்றைக் குறிஞ்சிப் பாடல்கள் என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். திணையை முடிவுசெய்வதில் நிலத்தை விட உரிப்பொருளுக்கே, அதாவது பாட்டின் மைய உணர்வுக்கே, முதன்மை. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். ஊரையும் தாயையும் பிரிந்த துயரைப் பாடும் பாட்டுக்கு உரிப்பொருள் பிரிவு, ஆகவே அது பாலை. பாலைக்குத் தனி நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் "முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப் பாலை என்பதோர் படிவம் கொள்ளும்" என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. நீரும் பசுமையும் நிறைந்த மலையில் பாலைப் பாட்டு பிறந்திருப்பது உயர்தர மாணவர்கள் விரிவாக எழுதத்தக்க பொருள்.

மூன்றாவது, தம்பியின் படிமக் கேள்வியை ஒட்டியது. தேநீரின் நிறத்தைத் தொழிலாளியின் குருதியோடு ஒப்பிடும் வரி இல்லாத மலையகக் கவிதைத் தொகுதியைக் காண்பது கடினம். முதலில் எழுதப்பட்டபோது அது கோப்பையைக் கையிலெடுத்தவரைத் திடுக்கிடச் செய்திருக்கும். இன்று அது வாசகர் நின்று யோசிக்காமலே கடந்துபோகும் வரி. உருவகம் பழகிப்போனால் செத்துவிடுகிறது. பாடசாலைக் கவிதைப் போட்டிகளில் நடுவராக இருப்பவர்கள் இந்த ஒன்றைத் தடைசெய்தாலே பிள்ளைகள் தங்கள் கண்ணால் எதையாவது பார்த்து எழுதத் தொடங்குவார்கள் என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு. ஒப்பாரியை நாட்டார் பாடலென்று பாராட்டும் நாம் அதை அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் பெயர்களுக்குள் அடைப்பதிலும் எனக்கு முழு உடன்பாடில்லை. அப்பெயர்கள் வேறொரு வகைச் செய்யுளைப் பார்த்து வகுக்கப்பட்டவை.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பதுளை

கொட்டகலைத் தம்பிக்கு முதலில் பதில் கூறுகிறேன். பேர் பற்றிய உங்கள் கவனிப்பு அழகானது. ஆனால் சிலேடையில் ஒரே சொற்றொடர் இரு பொருளுக்கும் இலக்கணம் பிசகாமல் பொருந்தியாக வேண்டும். காளமேகப் புலவரின் பாம்பு, எள் பற்றிய வெண்பாவில் "ஆடிக் குடத்தடையும்" என்பது படமெடுத்தாடிக் குடத்துக்குள் புகும் பாம்புக்கும், செக்கில் ஆட்டப்பட்டு எண்ணெயாகிக் குடத்தை அடையும் எள்ளுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. பாட்டு முடியும்வரை இரண்டும் உடன் வருகின்றன. பேரான கண்டி என்பதில் சம்பளப் பேர் என்ற பொருளைக் கொண்டால் தொடர் முடிவதில்லை. ஆகவே சிலேடை என்று எழுதாதீர்கள். அந்தச் சொல் தோட்டத்துக் காதுக்கு வேறொன்றையும் நினைவூட்டுகிறது என்று எழுதுங்கள். அதை எந்தத் தேர்வாளரும் மறுக்க இயலாது.

படிமம் என்பது ஐம்புலன்களில் ஒன்றுக்கேனும் பிடிபடும்படி சொல்லால் எழுப்பப்படும் காட்சி. அது உவமையாகவும் இருக்கலாம், உருவகமாகவும் இருக்கலாம், ஒப்பீடே இல்லாத நேரடிக் காட்சியாகவும் இருக்கலாம். லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு, தகரக் கூரையில் இரவு முழுவதும் மழை அறைகிறது, அடுப்படியில் ஈர விறகு புகைகிறது என்று எழுதினால் செவிக்கும் மூக்குக்கும் எட்டும் படிமம் பிறந்துவிடுகிறது; அங்கே எதுவும் எதனோடும் ஒப்பிடப்படவில்லை. குறியீடு வேறு. ஒரு பொருள் கவிதைக்குள் தானாகவே இருந்துகொண்டு, தன்னைவிடப் பெரிய ஒன்றையும் சுட்டுவது அது. கொழுந்துக் கூடை கவிதையின் தொடக்கத்தில் தாயின் முதுகிலும் முடிவில் மகளின் முதுகிலும் இருந்தால், அது உண்மையான கூடையாகவும் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் சுமையாகவும் ஆகிவிடுகிறது. பிறிதுமொழிதலில் மறைந்திருக்கும் பொருளை ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில் எடுத்துச் சொல்லிவிடலாம். குறியீட்டின் பொருளை அவ்வாறு ஒரு வாக்கியத்தில் அடைக்க முடியாது. வாசகருக்கு வாசகர் அது விரியும்.

பண்டாரவளை நண்பரின் எச்சரிக்கைகளில் முதலிரண்டையும் ஏற்கிறேன். திணை பற்றி அவர் கூறியதை வகுப்பில் அப்படியே பயன்படுத்தலாம். தண்டியலங்காரத்தைப் பற்றி அவர் சொல்வதில்தான் மாறுபடுகிறேன். அந்நூல் முப்பத்தைந்து பொருளணிகளை வரிசைப்படுத்தும்போது உவமையை முதலில் வைக்கவில்லை. முதலில் நிற்பது தன்மையணி. "எவ்வகைப் பொருளும் மெய்வகை விளக்கும் சொன்முறை தொடுப்பது தன்மை யாகும்" என்பது அதன் இலக்கணம். உள்ளதை உள்ளபடி, ஆனால் அதற்கேற்ற சொற்களைத் தேர்ந்து கூறுவதும் அணியே என்றாகிறது. மலையேறிக் கோப்பிப் பழம் பறித்தவர் ஒரு பழம் தவறியதற்கு உதைபட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் பாடினாரே, அது தன்மையணிக்குள் எந்த நெருக்கடியும் இல்லாமல் அமர்கிறது. ஆகவே பெயர்கள் நாட்டார் பாடலுக்குப் பொருந்தாதவை என்று பொதுவாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. எது பொருந்துகிறது என்று பாட்டுப் பாட்டாகப் பார்த்தால் போதும்.

பதில்: தோட்டப் பாடசாலை ஆசிரியை, ஹட்டன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த தவணையில் கவ்வாத்து வரிசையை வைத்துத் தொடங்கி, பின்னர் "ஊரான ஊரிழந்தேன்" பாடலை எடுக்கலாம் என்று எண்ணியுள்ளேன். "மறந்தேன்" என்ற இடத்தில் "இழந்தேன்" என்று மாற்றி எழுதிக் காட்டி, வேறுபாட்டைப் பிள்ளைகளையே சொல்லச் செய்யப்போகிறேன். இறுதியாக ஒன்று: ஒரு வழிகாட்டி நூலில் பீலிபெய் சாகாடு என்ற குறளுக்கு ஒட்டணி என்றும், மற்றொன்றில் பிறிதுமொழிதல் என்றும், வேறொன்றில் நுவலா நுவற்சி என்றும் காண்கிறேன். மாணவர்கள் எதை எழுத வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பதுளை

மூன்றும் ஒரே அணியையே குறிக்கின்றன, அம்மா. தண்டியலங்காரம் அதற்கு இட்ட பெயர் ஒட்டு. பாடசாலை மட்டத்தில் பெரிதும் பழகியது பிறிதுமொழிதல். ஆகையால் அதையே எழுதச் சொல்லுங்கள். மற்ற இரண்டில் ஒன்றை எழுதிய பிள்ளைக்கும் புள்ளியைக் குறைக்க வேண்டாம்.